நினைவகத்தை மறைக்கும் சுவிட்ச்

கமடோர் விக்-20 கணினியை ஆன் செய்ததும், பேசிக் நிரல் எழுத 3583 பைட் இடம் இருப்பதாகத் திரை சொல்லும். அதன் சொத்து அவ்வளவுதான். நான் சால்டர் செய்து முடித்த 35 கே மெமரி கார்ட்ரிட்ஜைப் பின்னால் செருகி ஆன் செய்தால், அதே இடத்தில் 28159 என்று வருகிறது. ஏறத்தாழ எட்டு மடங்கு. சில வாரங்களாக என் மாலை நேரமெல்லாம் இந்தக் கார்ட்ரிட்ஜோடுதான் போகிறது. நீளமான நிரல்கள் எழுதிப் பார்த்தேன், பழைய கேசட் விளையாட்டுகளை ஏற்றிப் பார்த்தேன், கார்ட்ரிட்ஜில் வந்த விளையாட்டுகளின் கோப்புகளையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பிறகு, இதில் என் விரல் அதிகம் தேடிப் போன பாகம் ஒன்று உண்டு. மெமரி சிப்பைக் கணினியின் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் குட்டிச் சுவிட்சுகள்தான் அது.

விக்-20ஐப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் விவரக்குறிப்பை ஒப்பிக்க வேண்டியதில்லை. 1980இல் ஜப்பானில் விக்-1001 என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 300 டாலருக்குள் விற்கப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் கணினி இதுதான். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் முதன்முதலில் நிரல் எழுதிப் பழகியது தன் தாத்தாவின் விக்-20இல். 6502 செயலி, வரிக்கு 22 எழுத்து, 23 வரி, உள்ளே 5 கே நினைவகம். அந்த 5 கேயில்தான் திரையும் இருக்க வேண்டும், கணினியின் சொந்தக் கணக்கு வழக்கும் இருக்க வேண்டும். மிச்சம்தான் நமக்கு.

கமடோர் மேல் எனக்கு இருக்கும் பற்றுக்கு முக்கியக் காரணம், இந்தக் கணினியின் பின்பக்கத்தில் இருக்கும் 44 முனை ஸ்லாட். வீட்டில் உட்கார்ந்து மெமரி கார்ட்ரிட்ஜ் செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஸ்லாட் அந்தக் காலத்துக் கணினிகளில் அரிது. காரணம் இரண்டு. முதலாவது, விக்-20 முழுக்க ஸ்டேட்டிக் ரேம். மின்சாரம் இருக்கும்வரை போட்டது போட்டபடி இருக்கும். டைனமிக் ரேம் போல நொடிக்குப் பல நூறு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. இரண்டாவது, எந்த முகவரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லும் வேலையைக் கணினி தனக்குள்ளேயே முடித்துவிடுகிறது. 8192இல் தொடங்கும் 8 கேக்கு பிளாக் 1 என்று ஒரு தனிக் கம்பி. 16384க்கு பிளாக் 2. 24576க்கு பிளாக் 3. 40960க்கு பிளாக் 5. கீழே, 1024 முதல் 4095 வரையுள்ள 3 கேக்கு ரேம் 1, ரேம் 2, ரேம் 3 என்று ஆளுக்கொரு கம்பி. இவை எல்லாமே ஸ்லாட்டில் வரிசையாக வந்து நிற்கின்றன. 1981இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்81க்கு 16 கே ரேம் பேக் வாங்கியவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் கமடோரின் அருமை புரியும். அந்தப் பேக் பின்னால் தொங்கும். விசையைச் சற்று அழுத்தி அடித்தால் ஆடும், ஆடினால் அதுவரை தட்டியது அத்தனையும் போய்விடும். விக்-20இன் ஸ்லாட் கார்ட்ரிட்ஜைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது.

இன்று 62256 என்ற ஒரே சிப்பில் 32 கே கிடைக்கிறது. பிளாக் 1, 2, 3, 5 நான்கையும் கூட்டினால் சரியாக 32 கே. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சிப்புக்கு 15 முகவரிக் கம்பிகள் வேண்டும். ஸ்லாட்டிலோ 14தான் வருகின்றன. வருகிற பதினான்காவதும் உதவாது, ஏனென்றால் பிளாக் 1, 3, 5 மூன்றுக்கும் அது ஒரே மதிப்பைக் காட்டும். ஆகவே சிப்பின் மேல் இரண்டு முகவரிகளான ஏ13ஐயும் ஏ14ஐயும் பிளாக் கம்பிகளிலிருந்தே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளாக் கம்பிகள் ஓய்வில் உயர்மட்டத்தில் இருக்கும், அழைக்கப்படும்போது தாழும். பிளாக் 1ஐயும் பிளாக் 3ஐயும் ஓர் ஆண்ட் கேட்டில் சேர்த்தால் ஏ13 கிடைக்கிறது. பிளாக் 1ஐயும் பிளாக் 2ஐயும் இன்னொன்றில் சேர்த்தால் ஏ14. பிளாக் 2ஐயும் பிளாக் 5ஐயும் மூன்றாவதில் சேர்த்து, அதன் வெளியீட்டை முதல் கேட்டின் வெளியீட்டோடு நான்காவதில் சேர்த்தால், நான்கில் எது தாழ்ந்தாலும் தாழும் ஒரு கம்பி கிடைக்கும். சிப்பை எழுப்பும் கம்பி அதுதான். மொத்தம் நான்கு ஆண்ட் கேட். 74எல்எஸ்08 என்ற சிப்புக்குள் இருப்பது சரியாக நான்கு ஆண்ட் கேட். ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. ஒவ்வொரு பிளாக் கம்பியும் சுவிட்ச் வழியாக வருகிறது. சுவிட்சைத் திறந்தால் கேட்டின் உள்ளீடு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கே ரெசிஸ்டர். ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. கீழேயுள்ள 3 கேக்கு மட்டும் 6264 என்ற 8 கே சிப் தனியாக. அதில் 5 கே சும்மா கிடக்கும். பரவாயில்லை.

முடித்ததும் நான் செய்த முதல் சோதனை இது: 8192, 16384, 24576, 40960 ஆகிய நான்கு முகவரிகளிலும் வெவ்வேறு எண்களைப் போக் கட்டளையால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே நான்கையும் பீக் செய்து படிக்க வேண்டும். எழுதியவுடன் ஒவ்வொன்றாகப் படித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டு பிளாக்குகள் சிப்பின் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தால், நான்கையும் எழுதி முடித்த பிறகு படித்தால்தான் பிடிபடும்.

இனி சுவிட்சுக்கு வருகிறேன். விக்-20இல் நினைவகத்தைக் கூட்டினால் கணினியின் உள்ளமைப்பே மாறிப்போகிறது. கார்ட்ரிட்ஜ் இல்லாதபோது திரை 7680இல் இருக்கும். பிளாக் 1இல் 8 கே சேர்த்த உடனே திரை 4096க்குப் போய்விடும். நிறங்களுக்கான நினைவகம் 38400இலிருந்து 37888க்கு இறங்கிவிடும். பேசிக் நிரல் தொடங்கும் இடம் 4097இலிருந்து 4609க்கு நகர்ந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே நீல எழுத்து, அதே கர்சர்.

இப்படி ஏன் செய்தார்கள் என்று பார்த்தால் கமடோர் பொறியாளர்களைக் குறை சொல்ல மனம் வராது. படம் வரையும் விக் சிப்புக்குக் கார்ட்ரிட்ஜில் இருக்கும் நினைவகம் எட்டாது. கணினிக்குள் இருக்கும் நினைவகத்தை மட்டும்தான் அதனால் படிக்க முடியும். உள்ளே இருக்கும் 4 கே, 4096 முதல் 8191 வரை. திரை அதன் கடைசியில் இருக்கிறது. புதிதாக வரும் நினைவகம் 8192இல் தொடங்குகிறது. ஒரு வயலின் கோடியில் வீடு கட்டியிருக்கிறோம், அதை ஒட்டிய அடுத்த வயலையும் வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக உழ வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் வீட்டை இடித்து ஓரத்தில் கட்டத்தான் வேண்டும். பேசிக்குக்கு இடைவெளி இல்லாத நினைவகம் வேண்டும். அதனால் ஆன் ஆகும்போது கணினி நினைவகத்தைத் தடவிப் பார்த்து, 8192இல் ஆள் இருப்பது தெரிந்தால் திரையைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறது. காரணம் நியாயமானது.

விளைவுதான் கசப்பானது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அச்சான நிரல்களில் பெரும்பாலானவை கார்ட்ரிட்ஜ் இல்லாத விக்-20க்காக எழுதப்பட்டவை. திரையின் இடது மேல் மூலையில் ஏ என்ற எழுத்து வர வேண்டுமென்றால் 7680இல் 1 என்று போக் செய்வார்கள். கார்ட்ரிட்ஜ் செருகிய கணினியில் அதே கட்டளை திரையைத் தொடாது. நிரலும் அதன் மாறிகளும் குடியிருக்கும் பகுதிக்குள் போய் 1 என்று எழுதிவிட்டு வரும். நிரல் சிறியதாக இருந்தால் ஒன்றும் நடக்காது, திரை மட்டும் வெறிச்சென்று இருக்கும். பெரியதாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தன் வரிகளைத் தின்றுவிடும். கேசட்டில் வந்த விளையாட்டுகளில் பலவற்றுக்கும் இதே கதிதான். அதிக நினைவகம் இருப்பதாலேயே ஒரு மென்பொருள் ஓட மறுப்பது கணினி வாங்கியவருக்கு எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்!

இதற்கு நிரல் வழியில் மாற்று உண்டு. 648ஐப் பீக் செய்து 256ஆல் பெருக்கினால் அப்போதைய திரையின் முகவரி கிடைக்கும். நான் புதிதாக எழுதும் நிரல்கள் எல்லாவற்றிலும் முதல் வரி அதுதான். 40 ஆண்டுக்கு முன் யாரோ எழுதி வைத்த நிரலுக்கு அது பயன்படாது. அதற்குச் சுவிட்ச்தான் வேண்டும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்தால் போயிற்று என்று சொல்லலாம். ஒவ்வொரு முறையும் கழற்றிச் செருகினால் ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் வளைந்த தகடுகள் தளர்ந்துவிடும். அந்த வயதுடைய ஸ்லாட்டை அப்படிப் பாடுபடுத்த எனக்கு மனமில்லை.

3 கே விஷயத்தில் கமடோர் மேல் எனக்குக் கோபம் உண்டு. விக்-1210 என்று 3 கே கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக விற்றார்கள். அது 1024இலிருந்து, அதாவது உள் நினைவகத்துக்குக் கீழே, ஒட்டிக்கொள்கிறது. திரை நகராது, 6655 பைட் கிடைக்கும், பழைய போக்குகளும் வேலை செய்யும். மிக நேர்த்தியான ஏற்பாடு. அதோடு 8 கேயையும் சேர்த்தால் பேசிக் 4609இல் தொடங்கிவிடும். கீழேயுள்ள 3 கேயைப் பேசிக் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலில் 3 கே வாங்கி, பிறகு காசு சேர்த்து 8 கே வாங்கியவருக்கு முதல் கார்ட்ரிட்ஜால் பேசிக்கில் ஒரு பைட்கூட லாபமில்லை. இயந்திர மொழி எழுதுகிறவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் அங்கேதான் என் சிறு துணை நிரல்களை வைக்கிறேன். பேசிக் அந்தப் பக்கம் வராததால் அவை பத்திரமாக இருக்கின்றன.

பழைய கமடோர் 8 கே கார்ட்ரிட்ஜ், அதாவது விக்-1110, கைவசம் இருப்பவர்கள் அதையே மேம்படுத்தலாம். நானும் ஒன்றைச் செய்தேன். பழைய மெமரி சிப்புகளை எடுத்துவிட்டு, 62256ஐயும் 74எல்எஸ்08ஐயும் சிறு போர்டில் ஏற்றி, அந்த இடத்தில் பொருத்தினேன். பழைய போர்டின் தங்கமுலாம் பூசிய முனைகள் இன்றும் மின்னுகின்றன. புதிதாகப் போர்டு அடித்துத் தருபவர்களிடம் ஈயமுலாம்தான் மலிவு என்று பலரும் அதையே கேட்கிறார்கள். முனைகளுக்குத் தங்கமுலாமே கேளுங்கள். முனையின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துத் தரவும் சொல்லுங்கள். செருகும்போது ஸ்லாட்டின் தகடுகள் சிராய்க்காது.

அந்தப் பழைய கார்ட்ரிட்ஜிலும் சுவிட்சுகள் உண்டு. இந்த 8 கே எந்த பிளாக்கில் உட்கார வேண்டும் என்று தேர்வு செய்ய நான்கு டிப் சுவிட்ச். அவற்றைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். நான் பெட்டியின் மேல்பக்கத்தில் ஓட்டை போட்டு டிப் சுவிட்சுகளை வெளியே கொண்டுவந்தேன். அப்படியும் எரிச்சல் தீரவில்லை. டிப் சுவிட்ச் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். தினமும் மாற்றினால் பேனா முனை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், எது ஆன் எது ஆஃப் என்று குனிந்து பார்க்க வேண்டும்.

பிளாக் 5க்குத் தனிச் சுவிட்ச் கட்டாயம். கார்ட்ரிட்ஜ் விளையாட்டுகள் குடியிருந்த இடம் அது. 40964இல் ஏ0சிபிஎம் என்ற ஐந்து பைட் இருக்கிறதா என்று கணினி ஆன் ஆகும்போது பார்க்கும். இருந்தால் பேசிக்கை விட்டுவிட்டு நேராக விளையாட்டுக்குப் போய்விடும். அங்கே ரேம் இருந்தால், விளையாட்டின் கோப்பை டிஸ்க்கிலிருந்து ஏற்றிவிட்டு சிஸ் 64802 என்று தட்டினால் போதும், அசல் கார்ட்ரிட்ஜ் செருகியதுபோல் தொடங்கிவிடும். சில விளையாட்டுகள் தங்கள் இடத்திலேயே எதையாவது எழுதிப் பார்க்கும். ரோமில் எழுத முடியாது, ரேமில் முடியும். எழுதியது பதிந்துவிட்டால் நகல் என்று தெரிந்துகொண்டு நின்றுவிடும். அதனால் பிளாக் 5க்கு எழுத்துத் தடைச் சுவிட்ச் ஒன்றும் வைத்தேன். இதை விட்டுவிட்டுச் செய்த வரைபடங்கள் நிறைய உலவுகின்றன. அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்று பெனல்டிமேட் போன்ற ஆயத்தக் கார்ட்ரிட்ஜ்கள் கிடைக்கின்றன. ஆன் செய்தால் மெனு வரும், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று விசையால் தேர்வு செய்யலாம். விளையாட மட்டும் விரும்புகிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளட்டும், வேலை சுத்தம். கணினி எப்படி நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு 62256ம் 74எல்எஸ்08ம் சால்டரிங் அயர்னும் போதும். ஒரு கம்பியைத் துண்டித்தால் திரை 4096இலிருந்து 7680க்குத் தாவுவதைத் தன் கையால் செய்து பார்ப்பதற்கு ஈடாக எந்த மெனுவையும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த போர்டில் டிப் சுவிட்சுகள் இருக்காது. நான்கு நிலை உள்ள திருகு சுவிட்ச் ஒன்று வைக்கப்போகிறேன்: நினைவகம் எதுவும் இல்லை, 3 கே, 8 கே, 24 கே. பிளாக் 5க்கும் எழுத்துத் தடைக்கும் பக்கத்தில் இரண்டு நெம்பு சுவிட்ச், கூடவே ஒரு ரீசெட் பட்டன். திருகியதும் ரீசெட்டை அழுத்தினால் கணினி நினைவகத்தை மறுபடி எண்ணிக்கொள்ளும், மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டியதில்லை. நீங்கள் செய்வதாக இருந்தால் நேரடியாக இந்த அமைப்பிலேயே தொடங்குங்கள்.