படத்துக்கும் பாயிரம் உண்டு

படக்கொட்டகைக்குத் தாமதமாக வந்து சேருபவர், வாயிலில் நிற்பவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எழுத்துப் போட்டுவிட்டார்களா?" கதை தொடங்கிவிட்டதா என்று அவர் கேட்பதில்லை. எழுத்தே படத்தின் தொடக்கம் என்று பொதுமக்கள் வழக்கு என்றோ முடிவு செய்துவிட்டது. தொழில் புரிவோர் அதனை டைட்டில் என்பர். பெயர் எதுவாயினும், படத்துக்கும் பார்ப்போருக்கும் இடையே நடைபெறும் முதல் அறிமுகம் அது. மாணவர்கள் எடுக்கும் குறும்படங்கள் பலவற்றில் இப்பகுதிதான் மிகவும் ஏழையாய் இருக்கிறது. படம் முழுவதும் எடுத்து முடித்து, ஒட்டி, ஒலி சேர்த்து, போட்டிக்கு அனுப்ப வேண்டிய நாளின் முந்திய இரவில் அரைமணி நேரத்தில் செய்யப்படுவதால் வந்த ஏழ்மை அது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பவணந்தி முனிவரின் நன்னூலைப் பாடம் சொல்லும் எவர்க்கும் இது சொந்த வீட்டுச் செய்தி. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அவர் கொள்கை. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று பாயிரத்துக்கு ஏழு பெயர்கள். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும், அவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றும் சேரப் பதினொன்றும் சிறப்புப் பாயிரத்தில் விளங்க வேண்டும் என்பர். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தை எடுத்துக்கொண்டால், வேங்கடமும் குமரியும் எல்லையாக வந்து நிற்கின்றன. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையம் களமாகிறது. கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான். சில வரிகளுக்குள் ஓர் உலகமே அடங்கிவிடுகிறது. ஒன்றரை நிமிடத்து எழுத்துப் பகுதியிடம் கேட்கப்படுவதும் இதுவே.

இனி, வழக்கமான மாணவர் படம் எப்படித் தொடங்குகிறது? திரை இருள்கிறது. எங்கிருந்தோ இறக்கிய இசை ஒன்று முழங்குகிறது. ஆங்கில எழுத்தில் ஒரு நிறுவனப் பெயர். அந்த நிறுவனமோ மூன்று நண்பர்களும் ஒரு மடிக்கணினியும். அடுத்து இயக்குநர் பெயர். கதை, திரைக்கதை, வசனம் என்று அதே பெயர் மறுபடியும். கடைசியில் 'இன்னாரின் படைப்பு' என்று மூன்றாம் முறையும் அதுவே. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று கருதியே, சிறப்புப் பாயிரம் செய்யும் உரிமையை ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர்க்கு இலக்கணம் ஒப்படைத்தது. 1992இல் வந்த 'அண்ணாமலை' படத்தில் கதாநாயகரின் பட்டப்பெயர் புள்ளி புள்ளியாகத் திரண்டு திரையை நிறைத்ததும் கொட்டகை அதிர்ந்தது. அதன்பின் அது அவர் படங்களின் முத்திரையாகவே ஆயிற்று. அங்கே பட்டத்தைக் கொடுத்தவர் மக்கள். படம் அதைத் திருப்பிச் சொன்னது. பதினெட்டு வயது மாணவன் தனக்குத் தானே அதைச் செய்துகொள்ளும்போது பார்ப்பவர்க்குச் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லையையும் களத்தையும் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவில் ஒரு மாணவர் குழு படம் எடுக்கிறது என்று கொள்வோம். பினாங்கு என்றதும் கைகள் தாமாகவே தேடுவது 1985இல் திறக்கப்பட்ட பாலத்தையும், 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜோர்ஜ்டவுன் தெருக்களையும்தான். வானிலிருந்து பாலம், பிறகு சுவரோவியம், பிறகு படத்தின் பெயர். புக்கிட் தெங்காவோ தீவில் இல்லை. கடலுக்கு இப்பால் செபராங் பிறையில் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜத்துக்கும் இடையே கொமுட்டர் ரயில் நின்று போகும் ஊர் அது. தொழிற்பேட்டை, பணிமுறை மாறும் நேரத்தில் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்து, அதற்கும் முன்னே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்ட பழைய வெல்லெஸ்லி மாகாணத்து மண் என இத்தனையும் அங்கே காலடியில் கிடக்கின்றன. பாலத்தைக் காட்டித் தொடங்கும் படம் சுற்றுலாத் துறையின் எல்லையைக் கூறுகிறது. கதை நிகழும் எல்லையை அன்று. அதிகாலையில் ரயில் நடைமேடை, பேருந்துக்குக் காத்திருக்கும் கால்கள், கையில் தொங்கும் சோற்று டப்பா என்று மூன்று காட்சிகள் போதும். ரயில் நிலையத்துக்குள் படம் பிடிக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இக்கலையை உலகில் ஒரு தனித்துறையாக உயர்த்தியவர் அமெரிக்க வரைகலைஞர் சால் பாஸ். 1955இல் வெளிவந்த 'தங்கக் கரம் கொண்ட மனிதன்' என்ற படத்துக்கு, வெட்டிய காகிதம் போன்ற கோணல் கோடுகளையும் முறுக்கேறிய ஒரு கையையும் மட்டுமே வைத்துப் போதைப் பழக்கத்தில் சிக்கியவன் வேதனையை அவர் உணர்த்தினார். அதுவரை எழுத்து ஓடும் நேரத்தில் திரைச்சீலையை இழுக்காமலே வைத்திருப்பதும் உண்டு. இப்படத்தின் சுருள் பெட்டிகளிலோ, எழுத்துக்கு முன்பே திரையை விலக்கிவிடுக என்று இயந்திரம் ஓட்டுவோர்க்குக் குறிப்பு ஒட்டி அனுப்பினார்கள். அதே 1955இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராய் இருந்தவர். அந்நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர். ஆகவே பெயர்களை வங்க எழுத்தில் கையாலேயே தீட்டி, பழஞ்சுவடியைப் பார்ப்பது போன்ற தோற்றம் தந்தார். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாய்மொழியின் எழுத்து வடிவமே அழகுப் பொருளாக நிற்க முடியும் என்று அது காட்டிற்று.

ஆயினும் மாணவர்க்கு மிகப் பயன்படும் பாடம் 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தின் தொடக்கமே. அதனை அமைத்தவர் ஸ்டீபன் பிராங்பர்ட். ஒரு குழந்தையின் கை பழைய சுருட்டுப் பெட்டியைத் திறக்கிறது. உள்ளே வண்ணக் கோல்கள், கோலிக்குண்டுகள், ஒரு பழைய கடிகாரம். படக்கருவி அவற்றை மிக நெருங்கி, மெல்ல நகர்ந்து செல்கிறது. ஒரு கோலிக்குண்டு உருண்டு மற்றொன்றைத் தொடுகிறது. குழந்தை தனக்குள் முணுமுணுத்துப் பாடுகிறாள். காகிதத்தின் மேல் வண்ணக் கோலைத் தேய்க்கத் தேய்க்கப் படத்தின் பெயர் வெளிப்படுகிறது. அவள் ஒரு பறவையை வரைகிறாள். பிறகு காகிதம் கிழிகிறது. நடிகர் முகம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. ஆனால் குழந்தையின் கண்வழிக் கதை, அதில் நேரும் அநீதி, கிழியும் பேதைமை ஆகியவை அனைத்தும் முன்கூட்டியே நெஞ்சில் இறங்கிவிடுகின்றன. நுதலிய பொருளைக் கூறுதல் என்றால் இதுதான். கதையைச் சொல்லிவிடாமலே பொருளைச் சொல்லிவிடுவது.

இதற்கு வேண்டியவை ஒரு மேசை, ஒரு விளக்கு, நெருக்கத்தில் எடுக்கும் ஒரு வில்லை, ஒரு பகல். கட்டடமோ கூட்டமோ வேண்டா. பெட்டியைத் திறந்து காட்டினால் போதும் என்று எண்ணிப் பலர் இவ்வமைப்பை அப்படியே படியெடுத்து ஏமாறுகிறார்கள். பெட்டியில் எதை வைப்பது என்பதிலேதான் சிந்தனை முழுதும் அடங்கியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த தாத்தாவைப் பற்றிய கதையானால், துருப்பிடித்த பால் வெட்டும் கத்தியை உடனே எடுத்து வைப்பார்கள். அது அனைவர்க்கும் தெரிந்த அடையாளம். ஆகவே பாதி செத்த அடையாளம். சம்பளச் சீட்டின் மடிப்பு, சிவப்பு அடையாள அட்டை, ஊருக்கு எழுதி அனுப்பாத கடிதம் போன்றவை, கதைக்குள் வேலை செய்யுமானால், கத்தியைவிட ஆழமாகப் பேசும். பொருளை முதலில் தேர்ந்து, அது கதையில் எங்கே மீண்டும் வருகிறது என்று காட்ட இயலாத மாணவரிடம் ஆசிரியர் படக்கருவியைக் கொடுக்காதிருப்பது நல்லது.

அடுத்து, எழுத்து. கணினியில் கிடைக்கும் ஆயத்த அச்சுகள் ஆங்கில எழுத்தை அளவாகக் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றில் தமிழைக் கொட்டினால் வரும் அவலத்தைத் திரையில் அடிக்கடி காணலாம். சில ஒட்டுவேலை மென்பொருள்களில் தமிழ் எழுத்துச் சேர்க்கைக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில், ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னே போய் நிற்கும். ஒகர உயிர்மெய் இரண்டாய்ப் பிளந்து, நடுவே ஒரு வட்டமும் புள்ளிகளுமாய்க் காட்சி தரும். 'கொ' சிதைந்த திரையைப் பார்த்தும் வாளாவிருந்த குழு, நடிப்பில் ஒரு சிறு பிழை வந்திருந்தால் மறுபடி எடுத்திருக்கும்! எழுத்துப் பிழையும் காட்சிப் பிழையே. இதற்கு எளிய வழி, கையால் எழுதுவது. பழைய நாளில் அட்டையிலோ கண்ணாடியிலோ ஓவியர் தூரிகையால் எழுதியதைத்தான் படமாகப் பிடித்தார்கள். இன்றும் கரும்பலகை, சிலேட்டு, ஈரமணல், கடைச் சுவர் ஆகிய எதிலும் எழுதிப் பிடிக்கலாம். கணினி அதில் குறுக்கிட முடியாது.

பழம் படங்களின் எழுத்துப் பகுதி ஆசிரியர்க்கு மற்றொரு வகையிலும் பயன்படும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வந்த படங்களில் லை, னை, ணா, றா முதலியவை பழைய வடிவில் நிற்கும். ஐம்பதுகளின் கதையைச் சொல்லும் மாணவர் படம் அந்த வடிவில் தன் பெயரை எழுதிக்கொண்டால், காலம் என்னும் உறுப்பு ஒரு சொல்லும் பேசாமலே நிறைவேறிவிடும். இன்றைய கதைக்கு அதையே அழகுக்காகப் பூசுவது வேறு, அது வேடம்.

எழுத்து நிற்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 கட்டங்களாக ஓடுகிறது. மூன்று நொடிக்கு 72 கட்டங்கள். அட்டையில் உள்ளதை நிதானமாக இருமுறை படிக்கும் அளவு நேரம் அது நிற்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளோர் கைக்கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. 'ஒளிப்பதிவு' என்ற சொல்லுக்கும் அதன் கீழ் வரும் நீண்ட பெயருக்கும் ஆங்கில வார்ப்பில் கிடைக்கும் இரண்டு நொடி போதாது. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருவனை உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

பிடிக்கும்போதே எழுத்துக்கு இடம் விட வேண்டும் என்பதை மறப்பவர் மிகப் பலர். முகம் நடுவிலும், வெளுத்த வானம் பின்னேயுமாக எடுத்துவிட்டு, வெள்ளை எழுத்தை அதன்மேல் வைத்தால் கண் எதைப் பார்க்கும்? எந்தக் காட்சியின் மேல் எந்தப் பெயர் வருகிறது, திரையின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்னரே சிறு கட்டங்களாக வரைந்துகொண்டு களத்துக்குப் போக வேண்டும். நான்கு நொடி வேண்டும் இடத்தில், படக்கருவியைக் காலில் நிறுத்தி, பதினைந்து நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். இளைஞர்க்கு இந்தப் பதினைந்து நொடி ஒரு யுகமாய்த் தோன்றும். பொறுத்துக்கொண்டவரே ஒட்டுமேசையில் பிழைப்பர்.

நன்னூலார் 'வழி' என்றதையும் விடலாகாது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை ஒன்றைத் தழுவி எடுத்தால் எழுதியவரைக் கேட்க வேண்டும். அவர் பெயரைத் தெளிவாகப் போட வேண்டும். பிறர் இசையை எடுத்தாளுவதும் இதில் அடங்கும். ஸ்டான்லி குப்ரிக் 1964இல் எடுத்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்குப் பாப்லோ பெரோ மெலிந்து நெடிதான எழுத்துகளைக் கையாலேயே எழுதினார். மூலநூலைக் குறிப்பிடும் அட்டையிலேயே ஓர் எழுத்து விடுபட்டு, இலக்கணப் பிழையோடு திரைக்குப் போய்விட்டது; அப்படியே இன்றும் ஓடுகிறது. புகழ்பெற்றவர்க்கே இக்கதி என்றால், ணகர னகரமும் லகர ளகர ழகரமும் காத்துக் கிடக்கும் தமிழில் எழுதுபவர், அச்சேற்றுமுன் பெயர்ப்பட்டியலை ஆசிரியரிடம் காட்டுவது குற்றமாகாது.

நூற்பெயரைப் பொறுத்தவரை மலேசியத் தமிழர்க்கு அருகிலேயே நல்ல சான்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்து, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்ற 'ஜகாட்' அது. தீயது என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் இந்நாட்டுத் தமிழர் வாயில் திரிந்த வடிவமே அப்பெயர். அகராதித் தமிழன்று, ஆங்கிலமும் அன்று. அந்த ஒரு சொல்லில் எந்த நாடு, எந்தத் தெரு, யாருடைய நாக்கு என்பதெல்லாம் வந்துவிட்டன. தூய தமிழ்ப் பற்றுள்ள ஆசிரியர்க்கு அது சற்றே உறுத்தலாம். ஆயினும் களம் கூறும் பெயர் என்ற முறையில் அதனை மறுக்க இயலாது. ஆங்கிலத்தில் 'தி ஜர்னி', 'தி ட்ரூத்' என்று பெயர் வைக்கும் மாணவர் குழு, எந்த ஊர்ப் பயணம், எவருடைய உண்மை என்ற வினாவுக்கு அப்பெயரில் விடை வைத்திருக்கவில்லை.

எத்தனை பெயர்களைத் தொடக்கத்தில் போடுவது? பத்து நிமிடப் படத்தில் இரண்டு நிமிடம் எழுத்து ஓடினால் வாயில் பெரிது, வீடு சிறிது என்றாகிவிடும். படத்தின் பெயர், மூலக்கதை ஆசிரியர், நடித்தோர், இயக்கியோர் என்ற அளவில் முன்னே நிறுத்தி, மற்றவரைப் பின்னே வரிசைப்படுத்தலாம். பின்வரிசையைத் தயாரிக்கும்போது, வீட்டைத் திறந்துவிட்ட அண்டை வீட்டு அம்மா, மின்சாரம் கொடுத்த கடைக்காரர், குடை பிடித்த தம்பி எல்லாரையும் கேட்டு, அவரவர் பெயரை அவரவர் எழுதும் முறையிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னெழுத்து 'எஸ்.' என்பதா 'சு.' என்பதா என்பது வரை.