சட்டம் போட்டவரின் வானம்

பிரான்சின் லெ ஹாவ்ரு துறைமுக நகரில் எழுதுபொருள் விற்றும் படங்களுக்குச் சட்டம் போட்டும் பிழைத்தவர் யூஜீன் பூதேன் (1824–1898), மாலுமியின் மகன். கடையோடு தொடர்பு கொண்டிருந்த ஓவியர்களுள் மிலேயும் துருவாயோனும் அவரைத் தூரிகை பிடிக்கத் தூண்டினர். 22ஆம் வயதளவில் தொழிலைத் துறந்தார். 1851இல் நகராட்சி அளித்த உதவித்தொகை அவரைப் பாரிசில் பயில வைத்தது.

ஆயினும், கடையில் கழித்த காலம் வீண் எனல் பொருந்தாது. அவருடைய சிறிய கடற்கரைப் படங்களில் அடிவானம் தாழ்ந்து கிடக்கிறது. எஞ்சிய பரப்பெல்லாம் வானத்துக்கே. காட்சியை எங்கே வெட்டி நிறுத்துவது என்பதைச் சட்டம் போட்டுப் பழகிய கண் அறிந்திருக்கிறது. துருவீல் மணற்கரையில் கூடும் சீமாட்டியர் சில தீற்றல்களே, முகமில்லை. இதனைக் குறை என்பாரும் உளர். காற்றடிக்கும் கரையில், தொலைவில் நிற்பவனுக்கு முகமா தெரியும்?

மிலே முதலியோர் தமக்குச் செய்ததை அவர் 1858 அளவில் ஓர் இளைஞனுக்குச் செய்தார். கேலிச்சித்திரம் விற்றுக் காசு பார்த்துவந்த மோனேயை, முதலில் அவன் தயங்கியபோதும், வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று தீட்டச் செய்தார். அக்கடனை மோனே பிற்காலத்தில் மறவாது சொன்னார். வரலாற்று நூல்களோ பூதேனை 'மோனேயின் ஆசிரியர்' என்னும் ஒரு வரியில் அடக்கிவிடுகின்றன. அவ்வானங்களைப் பார்த்தவர் இதனை ஏற்கமாட்டார். 1874இல் பாரிசில் நடந்த கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. ஏளனமாகவேனும் பேசப்பட்டவர் மாணவரே.