மன்னார்க் குழந்தைகளும் ‘தேசியச் சராசரி’யும்

முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பும் விருத்தியும் பற்றிய இலங்கையின் தேசியக் கொள்கை 2004 இல் வெளிவந்தது. அதன் நல்நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் நாட்டின் குழந்தைகள் அனைவருக்குமாகப் பேசும் அவ்வாவணத்தை மன்னார்க் கரையிலிருந்து நோக்குமிடத்து வினாவொன்று எழுகின்றது: எந்தக் குழந்தைகளை எண்ணிய பின் அது எழுதப்பட்டது?

ஐந்து வயதுக்குட்பட்டோரின் உயரம், நிறை என்பவற்றுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவன குடித்தொகை, சுகாதார அளவீடுகளே. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகள் வடக்கை உள்ளடக்கவில்லை. 2006-07 இன் அளவீடு கிழக்கைச் சேர்த்துக்கொண்டது. மன்னார் உட்பட வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அப்போதும் வெளியிலேயே நின்றன. 2016 இலேதான் நாடு முழுவதும் அளக்கப்பட்டது. 1987 இல் பேசாலையிற் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 29. போர்க்களத்தில் அளவுகோல் கொண்டு செல்வது எளிதன்று என்பது உண்மையே. ஆயின் எஞ்சிய மாவட்டங்களின் சராசரியைத் ‘தேசியச் சராசரி’ என வழங்கியமை வெறும் சொற்பிழையன்று. எண்ணப்படாதோருக்கு எதுவும் ஒதுக்கவேண்டியதில்லை என்ற நிலைக்கு அது வழிவிட்டது.

2016 இன் அளவீடும் மாவட்ட மட்டத்தோடு நின்றுவிடுகின்றது. மன்னார்த்தீவின் மீனவக் குடியிருப்பும் முசலியின் மீள்குடியேற்றக் கிராமமும் அதில் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. அன்றாடப் பதிவுகளோ வேறு வழி செல்கின்றன. குடும்பநல மாது நிறுத்தெழுதும் நிறை சுகாதாரத் துறைக்கும், முன்பள்ளியின் வரவு கல்வித்துறைக்கும் போகின்றன. ஒரே பிள்ளை ஈரேடுகளில் இரு பிள்ளைகளாக வாழ்கின்றது. முன்பள்ளிக்கே வராத பிள்ளைக்கு இரண்டாவது ஏட்டில் இடமேயில்லை.

இடத்தை அடிப்படையாகக் கொண்ட பதிவு இடம்பெயர்ந்தோரிடத்துத் தோற்பது இயல்பு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்திற் பிறந்தனர். 2009 இன் பின் திரும்பிய குடும்பங்கள் சில ஈரிடத்தும் வாழ்கின்றன. இப்பிள்ளைகளைத் தவறாது பின்தொடர்வது தாயின் கைப்பையில் இருக்கும் சுகாதாரப் பதிவேடு ஒன்றுதான். புதிய தரவு முறைமை எதுவாயினும் அவ்வேட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

கணினி வந்துவிட்டால் யாவும் சீராகும் என்போருக்கு ஒன்று கூறலாம். பட்டியலிற் பெயர் இருப்பதே அச்சம் தந்த காலத்தை இக்கரையினர் மறக்கவில்லை. பிள்ளையின் விபரத்தை யார் பார்ப்பர், எதற்குப் பார்ப்பர் என்பதைத் தாய்க்கு அவள் மொழியிற் சொல்லவேண்டும். திரட்டிய எண்கள் கொழும்போடு நின்றுவிடாது, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, அவற்றை எழுதிய குடும்பநல மாதுக்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் திரும்பி வரவேண்டும்.