எழுத்துப் பிழையும் வாக்கியப் பிழையும்: கீழவெண்மணியை ஆங்கிலத்தில் எழுதுவது குறித்து

நண்பர் ஒருவர் தன் ஆங்கிலக் கட்டுரையைத் தந்து, 'நீ தமிழ் எம்.ஏ.தானே, ஊர்ப்பெயரை மட்டும் சரிபார்த்துக் கொடுப்பா' என்றார். பன்னிரண்டு பக்கத்துக்குள் கீழவெண்மணி மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் கில்வெண்மணி, ஓரிடத்தில் கீழ்வெண்மணி, இன்னோரிடத்தில் கிழவெண்மணி. கடைசியதை நம்மாட்கள் வாசித்தால் வெண்மணிக்கு வயசாயிடுச்சு என்றுதான் நினைப்பார்கள். மூன்றையும் ஒன்றாக்க அரைமணி நேரம் போதும். ஆக்கிய பிறகும் பெயர் சரியாக வந்துவிட்டதாக எனக்குப் படவில்லை.

முதலில் எழுத்து. தஞ்சைப் பகுதியில் 'கீழ' என்றால் கிழக்கு. கீழவீதி, கீழத்தெரு என்கிறோமே, அதுதான். அதைத் 'தாழ்ந்த' என்று பெயர்த்தால் அபத்தம். ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் அது ஓர் ஒப்பந்தம்தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, அதே மாதம் ஆணையைத் திரும்பப் பெற்றது. ஒலி சரியானால் பெயர் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கும் உண்டு. மீனா கந்தசாமி இந்தப் படுகொலையை ஆங்கிலத்திலேயே நாவலாக்கியபோது (2014) 'கில்வெண்மணி' என்றே எழுதினார். ஆங்கில வாசகர் தேடுவதும் பெரும்பாலும் அப்படித்தான். அதையே வைத்துக்கொண்டு, முதல்முறை மட்டும் தமிழ் ஒலிப்பைச் சொல்லிவிடலாம். எழுத்துச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

தீராதது வாக்கியம். நண்பரின் கட்டுரை நெடுக 'கில்வெண்மணி இன்சிடென்ட்' வருகிறது. இங்கே ஊர்ப்பெயர் பெயராக இல்லை, அடைமொழியாகிவிட்டது. சம்பவம் ஊருக்குச் சொந்தமாகிறது. செய்தவன் வாக்கியத்திலேயே இல்லை. அடுத்து, '44 கிராமத்தவர் கொல்லப்பட்டனர்.' கிராமத்தவர் யார்? மிராசுதாரும் கிராமத்தவர்தானே? ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கிற இடத்தை ஆங்கிலத்தின் 'வில்லேஜ்' ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. 'கொல்லப்பட்டனர்' என்ற செயப்பாட்டு வினை மிச்சத்தையும் துடைத்துவிடுகிறது. தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நம் இலக்கணமும் ஒவ்வொரு கட்டுரையிலும் இன்னொரு முறை விடுதலை செய்துகொண்டிருக்கிறது.

சின்ன விஷயங்களும் உண்டு. ஆங்கிலத்தில் நிகழ்ச்சி நடந்த புள்ளிக்கு 'அட்', ஆட்கள் வாழும் இடத்துக்கு 'இன்'. கட்டுரை முழுக்க 'அட்'. அங்கே இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பே வாசகருக்கு வராது. '1968இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில்' என்பதும் தவறு. அன்று அது தஞ்சாவூர் மாவட்டம், நாகை மாவட்டம் 1991இல்தான் பிரிந்தது. நெல்லும் மிராசும் கூலிச் சண்டையும் 'தஞ்சை' என்ற சொல்லோடுதான் கூடிவரும்.

நான் திருத்தித் தந்த வாக்கியத்தின் தமிழ் வடிவம் இது: '1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயக் கூலிகளின் சேரிக்குள் நிலவுடைமையாளர்களும் அடியாட்களும் புகுந்து, ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேரை எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.' 'ரொம்ப நீளம், இங்கிலீஷ்ல நிக்காது' என்றார் நண்பர். நிற்கும். எழுவாய் இருக்கிற வாக்கியம் எந்த மொழியிலும் நிற்கும்.

ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 'வெண்மணிச் சம்பவம்' என்று தமிழில் எழுதுகிறவர்கள் நாம்தான். ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் 'இன்னொரு வெண்மணி' என்று மேடையில் பேசுகிறவர்களும் நாம்தான். அப்படிப் பேசும்போது ஓர் ஊரின் சிறப்புப்பெயர் பொதுப்பெயராகிவிடுகிறது. நடந்தது புதிய ஊரில், கொன்றவர்கள் புதியவர்கள், செத்தவர்களுக்கு வேறு பெயர்கள். அவை எல்லாவற்றையும் பழைய பெயரால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். பெயரைச் சரியாக எழுதுவதென்றால், அதை அந்த ஊருக்கே திருப்பித் தருவது. பிறகு, யார் செய்தது என்ற கேள்வியை வாக்கியத்தின் முதலிலேயே வைப்பது.