'ஈ'க்கு என்ன சம்பளம்?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கம் வரும் வேலை அறிவிப்புகளில் 'ஈஹெச்எஸ்' என்ற மூன்றெழுத்து அடிக்கடி கண்ணில் படும். சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு மூன்றுக்கும் ஒரே நாற்காலி. ஆனால் சம்பளம் பெரும்பாலும் கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம், ஆயிரம் தொழிலாளர் உள்ள ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. அந்தப் பதவிக்கென்றே தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தனி டிப்ளமோ நடக்கிறது. இப்படித் தலையை எண்ணி ஆள் வைக்கச் சொல்லும் சட்டம் 'ஈ'க்கு இல்லை.

இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டுதான், பட்டங்களைச் சம்பளத்தாலும் கடனாலும் தரம்பிரிக்கும் வழக்கத்தை எடைபோட வேண்டும். அமெரிக்காவில் 2013இல் வந்த 'காலேஜ் ஸ்கோர்கார்டு' 2019 முதல் படிப்புவாரியாகவே இரண்டையும் காட்டுகிறது. மத்திய அரசின் உதவி பெற்றவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பது குறைதான். ஆனாலும் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் அம்மா கேட்கிற கேள்வியை அது வெட்கப்படாமல் கேட்கிறது. படிப்பைக் காசால் அளக்கலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு வட்டி கட்டிப் பழக்கமிருக்காது.

நம் நாட்டில் அதற்குச் சற்று அருகே வருவது, 2016 முதல் வெளியாகும் என்ஐஆர்எஃப் தரவரிசை. கல்லூரிகள் தாங்களே தரும் விவரங்களில் சராசரிச் சம்பளமல்ல, இடைநிலைச் சம்பளம் இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் கலந்துவிடும். பி.காம். வாங்கும் சம்பளத்துக்குள் சுற்றுச்சூழல் அறிவியல் கரைந்துபோகும். வேலை கிடைத்தவர்கள் மட்டும்தான் கணக்கு. கிடைக்காதவர் பூஜ்யமாகக்கூட இடம்பெறுவதில்லை. கடனுக்கோ பத்தியே கிடையாது.

கடன்தான் இங்கே பெரிய இருட்டு. 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்காமல் வங்கிகள் தருகின்றன; படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தவணை தொடங்கும். 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய். கையில் 18,000 வாங்குபவர் என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு அதிலேயே போய்விடும். இது வங்கிக் கடன் மட்டும். நகைக் கடன், அப்பாவின் பிஎஃப், சித்தப்பாவிடம் கைமாற்று, இவை எந்த அட்டவணையிலும் ஏறாது.

அட்டவணை காட்டாத இன்னொன்றும் உண்டு. ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்டிபி), ஏரேஷன் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் உருளையில் தண்ணீர் மொண்டு வைத்து அரை மணி நேரம் காத்திருப்பார் ஆபரேட்டர். பழுப்பு மண்டி எவ்வளவு கீழே இறங்கியது, மேலே தண்ணீர் தெளிந்ததா என்று பார்ப்பார். பொங்கல் விடுமுறையில் கேன்டீன் மூடியிருந்தால் கழிவுநீர் வரத்து குறைந்து நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். மண்டி சரியாகப் படியாது. அதை முதலில் கண்டுபிடிப்பது அந்த உருளைதான். உச்ச நீதிமன்றம் 1991இல் கட்டாயமாக்கச் சொன்ன சுற்றுச்சூழல் பாடத்தை எல்லோரும் படித்துத் தேறினோம். இந்த உருளையைத் தொட்டவர் எத்தனை பேர்?

ஆகவே சம்பளம் குறைவு என்று ஓர் எண் சொன்னால், குறை பாடத்திட்டத்திலா, ஆள் வைக்கச் சொல்லாத சட்டத்திலா என்று அந்த எண்ணே சொல்லாது. பட்டியலைத் தூக்கிப்போட நான் சொல்லமாட்டேன். துறைவாரியாகப் பிரித்து, வேலை கிடைக்காதவரையும் சேர்த்து, ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தைப் போடட்டும். கூடவே, வீட்டில் அடகில் இருப்பது எத்தனை பவுன் என்றும் ஒரு பத்தி இருக்கட்டும்.