தேர்வறையில் பாஸ், கடைத்தெருவில் ஃபெயில்

தலையில் அடிபட்டுத் தேறியவருக்கு நினைவாற்றல், ஐக்யூ சோதனைகளில் நல்ல மதிப்பெண் வந்தால் போதுமா? போதாது. 1991-ல் ஷாலிஸும் பர்ஜெஸும் மூளையின் முன்மடலில் அடிபட்ட மூன்று பேரை ஆராய்ந்தார்கள். மூவருக்கும் ஐக்யூ நன்றாகவே இருந்தது. கடைத்தெருவில் சில சில்லறை வேலைகளைக் கொடுத்து அனுப்பியபோது தடுமாறிவிட்டார்கள்.

எங்க தொழில்ல இது தினசரி நடப்பதுதான்: யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ், புரொடக்‌ஷன்ல படுத்துடும். தேர்வறையில் எதை, எப்போது செய்யணும்னு சோதிப்பவரே சொல்லிவிடுகிறார். வீட்டில் யார் சொல்வது?

கிளாஸ்கோ அளவுகோலின் விரிவான நேர்காணல் பரவாயில்லை. கடை, பயணம், வேலை, குடும்பம் பற்றிக் கேட்கிறது. ஆனால் தன் குறை தனக்கே தெரியாதவரிடம் மட்டும் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். வீட்டாரைக் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.