தன் உறுப்பைத் தானே அச்சடிக்கும் பொறி

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். அந்தக் கைகளுக்கு உகந்த பொறி றெப்றாப்.

2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டம் அது. வரைபடங்கள் எல்லோருக்கும் பொது. இரும்புக் கம்பியும் மோட்டரும் கடையில் வாங்கலாம். மூலைப் பிடிகளை இன்னொரு றெப்றாப் அச்சடித்துத் தரும். சுமார் 200 பாகை சூட்டில் உருகிய பிளாஸ்டிக் இழை, 0.4 மில்லிமீற்றர் துளையால் இறங்கிப் படைபடையாக உயர்வது பார்க்க அலுக்காத காட்சி. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு: பிடியொன்று தளர்ந்தால், வடிவத்தைத் திருத்தி, முன்னையதிலும் உறுதியாக அதே பொறியில் அடித்துக்கொள்ளலாம்.

கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று: கடற்காற்றின் ஈரத்தை இழை உறிஞ்சும். காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.